பெரியப்பா பார்த்த ஆம்பியர் முள்

எங்கள் கிணற்றில் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பாதிப்பாதி. மோட்டார் ஒன்றுதான். காலையில் எங்கள் முறை, மதியத்துக்கு மேல் அவர் முறை. மோட்டார் ரூம் பலகையில் இருந்த ஆம்பியர் மீட்டர்தான் எல்லா வினைக்கும் காரணம்.

காலையில் ஊரிலுள்ள கிணறுகள் எல்லாம் ஒன்றாக ஓடும். வோல்டேஜ் விழுந்துவிடும். ஆம்பியர் முள்ளோ சிவப்புக் கோடு வரை ஏறும். மதியம் வோல்டேஜ் தெளிந்து முள் பாதியில் நிற்கும், தண்ணீரும் பொங்கிக்கொண்டு வரும். பெரியப்பா தண்ணீரைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்த்தார். கரண்டு முழுவதையும் நாங்களே அனுபவிக்கிறோம் என்று கடம்பூர் சந்தை வரை சொல்லித் திரிந்தார்.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். வோல்டேஜ் என்பது தள்ளும் விசை, ஆம்பியர் என்பது ஓடும் அளவு, தள்ளுவது குறைந்தால் மோட்டார் திணறிக் கூடுதலாக இழுக்கும், முள் ஏறினால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயில் சூடாகிறது என்று அர்த்தம் என்றேன்.

"ஏலே, ஒங்க அப்பனுக்கு நெறைய, எனக்குக் கொறச்சலு. இதுக்கு ஒரு படிப்பா?" என்றார்.

சண்டை போட்டுக் காலை முறையை வாங்கிக்கொண்டார். ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்திவிட ஸ்டார்ட்டருக்குள் ரிலே உண்டு. அது அடிக்கடி நிறுத்தியது. அப்பா என்றால் ஆறவிட்டுப் போடுவார். இவர் தீப்பெட்டிக் கம்பெனிக்காக வீட்டில் கட்டையில் அடுக்க வைத்திருந்த, மருந்து முக்காத தீக்குச்சிகளைக் கற்றையாகச் சொருகி, ரிலே விழுந்து மோட்டாரை நிறுத்தாதபடி அண்டக்கொடுத்துவிட்டுப் பருத்திக்குத் தண்ணீர் திருப்பப் போய்விட்டார்.

காயில் கருகிவிட்டது. மெக்கானிக் ஸ்டார்ட்டரைத் திறந்தபோது குச்சிகள் கரியாக உதிர்ந்தன. பெரியப்பா கொஞ்சமும் கூசவில்லை.

"இத்தன நாளும் இவிய கூடுதலா இழுத்ததுலதான் மோட்டார் போச்சு" என்றார் மெக்கானிக்கிடம்.

எனக்குப் பெரியப்பாவைக் கிணற்றில் தள்ளலாம் போல இருந்தது. எங்களுக்கு அந்த வருஷம் இருந்ததெல்லாம் மிளகாய்தான், அதுவும் பூவெடுத்த நேரம். காயில் கட்டக் கோவில்பட்டிக்குப் போன மோட்டார் வருவதற்குள் கரிசல் வாய் பிளந்துவிட்டது.

மோட்டார் திரும்பி வந்து ஓடிய அன்று அப்பா காய்ந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பெரியப்பா மோட்டார் ரூமுக்குள் நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் இன்றுவரை போவதில்லை.