லாக்கை எடுக்கச் சொன்னவர்

கிரில் பட்டறைக்காரர் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனாலும் அந்தத் தெருவில் பாதி ஜன்னல்களுக்கு அவர் அடித்த கம்பிதான் காவல். யார் தயவும் இல்லாமல் தலையெடுத்த ஆளுக்கு ஒரே குறை, லைசென்ஸ். பரீட்சைக் கேள்வியை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அதனால்தான் அந்த மின்சார ஸ்கூட்டரை வாங்கினார். இருபத்தைந்துக்கு மேல் ஓடாதபடி கம்பெனியிலேயே வேகத்தைப் பூட்டி அனுப்பிய வண்டி. லைசென்சும் வேண்டாம், நம்பர் பலகையும் வேண்டாம். ஹெல்மெட்டை மாட்டி, கைப்பிடியைக் கடைசிவரை முறுக்கி, ராஜா மாதிரி போவார். சட்டம் தன் சட்டைப்பையில் இருப்பதாகச் சொல்லிக்கொள்வார்.

எதிர்வீட்டு டாக்சிக்காரனுக்கு அது வயிற்றெரிச்சல். "ஆமை வருது, ஒதுங்குங்கப்பா" என்று தினமும் கூவுவான். இவர் காதிலேயே வாங்கமாட்டார்.

ஒருநாள் ஹேண்டில் லாக் இறுகிப்போய் சாவியே திரும்பவில்லை. மனைவியின் தம்பி வண்டி மெக்கானிக். அவனுக்குப் போன் போட்டு, அந்த லாக் பெரிய தொல்லை, எடுத்து வீசிவிடு என்றார். மெக்கானிக் பாஷையில் லாக் என்றால் வேகப்பூட்டுதான். மாமாவுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று மகிழ்ந்துபோய், வேகப்பூட்டைக் கழற்றி எறிந்தான். சாவித் துவாரத்தில் கையோடு எண்ணெயும் விட்டான்.

மறுநாள் சாவி வெண்ணெயாகத் திரும்பியது. இவர் வழக்கம்போல் கடைசிவரை முறுக்கினார். வண்டி வெறிநாய் போலப் பாய்ந்து, கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த டாக்சிக்காரனைக் காரோடு சேர்த்து நசுக்கியது. அவன் கால் எலும்பு காய்ந்த விறகாக ஒடிந்த சத்தம் தெருமுனைவரை கேட்டது.

வண்டியிலிருந்து விழுந்தவர் எழுவதற்குள் டாக்சிக்காரனின் அண்ணன் வீல் ஸ்பேனரோடு வந்துவிட்டான். முதல் அடியில் ஹெல்மெட் பிளந்தது, இரண்டாவதில் நெற்றி. கண்ணில் இரத்தம் வழிய, சம்மட்டி பிடித்துக் காய்த்த கையால் இவர் ஒன்று விட்டார். அவன் தாடை கோணிக்கொண்டு சாக்கடையில் விழுந்தான்.

போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து கூட்டத்தைப் பிரித்தார். ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக் கைப்பிடியை முறுக்கிப் பார்த்தார். வேகம் அறுபதைத் தாண்டியது. இது மோட்டார் வண்டிக் கணக்கு, லைசென்ஸ் எங்கே என்றார். அதற்குள் மச்சான் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"நீங்கதானே மாமா லாக்கை எடுக்கச் சொன்னீங்க?"

"ஹேண்டில் லாக்கச் சொன்னேன்டா, மடையா."

சொல் முடியுமுன் குத்து விழுந்தது. மச்சானின் முன்பல் தெறித்துத் தார்ச்சாலையில் கிடந்தது. போலீஸ்காரர் இவர் கையை முறுக்கிப் பின்னால் பிடித்தார்.

"பெரியவரே, ஒண்ணு கேக்குறேன். உங்களுக்குத் தெரியாம கழட்டியிருந்தா கேஸ் அவன் மேல. அவன் கடைக்குப் பூட்டு. வேகப்பூட்டைத் திரும்பப் போட்டதும் வண்டி உங்களுக்கு வந்துடும். நீங்க சொல்லிக் கழட்டியிருந்தா வண்டியும் போச்சு, நீங்களும் உள்ள. எது?"

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். விரலிடுக்கில் இரத்தம் ஒழுகியது. வண்டி ஒருக்களித்துக் கிடந்தது. இவர் அதையே பார்த்தார். அது போனால் இனி வேறு வண்டி ஏது?

"நான் சொல்லித்தான் கழட்டினான். எழுதிக்குங்க."

வண்டியை லாரியில் வீசி ஏற்றினார்கள். ஜீப்பில் தள்ளப்பட்டவர், கம்பிக்குள்ளிருந்து மச்சானை அருகே அழைத்தார்.

"வழுக்கி விழுந்து பல்லு போச்சுன்னு உங்கக்காகிட்ட சொல்லு. நான் அடிச்சேன்னு தெரிஞ்சா, ஜாமீன் எடுக்க வரமாட்டா."