பூவாடைப் புடவையில் சேராங்கொட்டைக் குறி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் முகத்துக்கு நேராகவே சிரித்துவிடுகிற ஆள் நான். நீங்களும் சிரியுங்கள், பரவாயில்லை. நடந்தது நடந்ததுதான்.

அறுபத்தெட்டோ ஒன்பதோ, பொன்னேரிப் பக்கம் எங்களுக்கு நெல்வயல். நான் இளைய தாரம். மூத்தவள் சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்தவள், அதனால் வருஷா வருஷம் அவளைப் பூவாடைக்காரியாகக் கும்பிட்டு, புதுப்புடவை வைத்துப் படைத்து, அதை நான் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த வருஷம் என் வீட்டுக்காரர் எனக்கு வெறும் நூல் புடவை எடுத்தார், செத்தவளுக்குப் பட்டுக்கரை. வயிறு எரிந்தது, ஏன் எரியாது? படையல் முடிந்த கையோடு, இனி இது என் துணி என்று சலவைக்காரரைக் கூப்பிட்டு வெளுப்பில் மாறிப்போகாமல் இருக்க எங்கள் வீட்டுக் குறி போடச் சொன்னேன். அவர் சேராங்கொட்டைப் பாலைத் தொட்டு முந்தானையில் புள்ளி வைத்தார்.

"ஈரம் காயட்டும்மா. மேல பட்டுச்சின்னா பொத்துப்பூடும்."

அவள் புடவைக்காக நான் காத்திருப்பதாவது? அப்படியே கட்டிக்கொண்டேன்.

மறுநாள் கழுத்து, முதுகெல்லாம் கொப்புளம், முகம் வீங்கிக் கண்ணே திறக்கவில்லை. சேராங்கொட்டைக்குத் தேங்காய்ப்பால்தான் மருந்து, சாயங்காலம் வந்து பூசுகிறேன் என்று மாமியார் நடவுக்குப் போய்விட்டார், வீட்டுக்காரரும் போய்விட்டார். உச்சிவேளையில் குப்புறப் படுத்து முனகிக்கொண்டிருக்கிறேன், அடுப்படியில் தேங்காய் துருவுகிற சத்தம். அப்புறம் ஒரு கை, புளியந்தளிர் மணக்கத் தேங்காய்ப்பாலில் குழைத்த விழுதை முதுகில் தேய்க்கிறது. நம்பினால் நம்புங்கள், எரிச்சல் அப்படியே அடங்கியது. மாமியார்தான் மனசு கேட்காமல் திரும்பிவிட்டார் என்று நினைத்துத் தூங்கிப்போனேன்.

பொழுது சாய மாமியார் வந்து, "எவ வந்து பூசிக்கினு போனா?" என்று கேட்டதும்தான் பூசியது அவர் இல்லை என்று தெரிந்தது. அக்கம்பக்கமெல்லாம் விசாரித்தோம். நடவு நாளில் ஊரில் யார் இருப்பார்கள்?

என் வீட்டுக்காரர் மட்டும் யாரையும் விசாரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கீழேந்து மேலயா தேச்சா?"

"ஆமா. உங்குளுக்கு எப்டித் தெரியும்?"

எழுந்து மாட்டுக்கொட்டகைக்குப் போய் நின்று அழுதார். என் உடம்பெல்லாம் வெந்து கிடந்ததற்கு அந்த மனுஷன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கொப்புளம் ஆறிவிட்டது. வந்தது யாரென்று இன்றுவரை தெரியாது, அது போகட்டும். அன்றிலிருந்து அவர் பின்கதவைத் தாழ்போட விடுவதில்லை, கேட்டால் காற்று வரட்டும் என்கிறார். பகலில் அந்தக் கதவு ஆடினால் நான் திடுக்கிட்டுத் திரும்புகிறேன். எனக்கு முன்னாலேயே அவர் திரும்பியிருக்கிறார்.