காப்பு கட்டிய கையோடு அப்பா நின்ற இடம்

காஞ்சிபுரத்திலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இதுவரை எழுதியது பெரும்பாலும் கோயில்கள். ஸ்ரீபெரும்புதூர் நினைவிடத்தைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தேர்தல் கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமர் ஒருவர் குண்டுவெடிப்பில் உயிரிழந்த இடம். சென்னைக்குப் போகிற வழிதான், ஆனால் இறங்கியதே இல்லை. காரணம் அம்மா.

அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் காலையில்தான் என் பெற்றோரின் கல்யாணம். அப்பா பட்டு நெசவாளி, அம்மாவுக்கு அத்தை மகன். முந்தின நாள் காலையிலேயே அவருக்கு மஞ்சள் கயிற்றில் காப்பு கட்டியாகிவிட்டது. காப்பு கட்டிய மாப்பிள்ளை தாலி கட்டும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அப்பாவோ தங்கையிடம் மட்டும் சொல்லிவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறித் தலைவரைப் பார்க்கப் போய்விட்டார். ராத்திரி குண்டு வெடித்த செய்தி வந்தது. பஸ் எல்லாம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் அம்மா விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது நடந்தே வந்து சேர்ந்தார். மேளம் இல்லை, பந்தியில் இருபது பேர்கூட இல்லை. கால் வீங்கிப்போய் பதினைந்து நாள் தறிக்குழியில் இறங்க முடியவில்லையாம்.

அம்மா இதை மன்னிக்கவே இல்லை. பஸ் அந்த இடத்தைத் தாண்டும்வரை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்பாவும் "ஓரமா நின்னுக்கினு இருந்தேன், பஸ் கெடைக்கல" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கல்யாண நாளில் எங்கள் வீட்டில் பாயசம் உண்டு, பேச்சு கிடையாது.

போன மாதம் அப்பாவுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த மறுவாரமே, "ஒரு தபா அங்க போய்ட்டு வரணும்பா" என்று என்னிடம் சொன்னார். "அப்படி இன்னாதான் இருக்குதுன்னு நானும் பாக்கறேன்" என்று அம்மாவும் கிளம்பியதுதான் ஆச்சரியம்.

ஞாயிறு காலை 8.10-க்குக் காஞ்சிபுரத்தில் பஸ். ஆளுக்கு 35 ரூபாய். "மெமோரியலா? எடம் வரசொல்லோ நானே சொல்றேன், உக்காருங்கம்மா" என்றார் நடத்துநர். 9.20-க்கு இறக்கிவிட்டார். சுமார் 35 கிலோமீட்டர். எங்களுக்கு ஒரு மணி பத்து நிமிடம், அப்பாவுக்கு அன்றைக்கு ஏழரை மணி நேரம்.

நுழைவுக் கட்டணம் இல்லை. வாசலில் பையைச் சோதித்தார்கள். உள்ளே உயரமான கல் தூண்கள், சுற்றிலும் புல்வெளி. பெரிய சாலை பக்கத்திலேயே இருந்தும் யாரும் சத்தமாகப் பேசவில்லை. தலைவருக்கான இடத்தில் இரண்டு நிமிடம் நின்றோம். பிறகு அப்பா சாலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, எதையோ கணக்குப் போட்டபடி நாலைந்து அடி நடந்து, புல்வெளியில் நின்றுவிட்டார். தூண்கள் அங்கிருந்து கையெட்டும் தூரம்.

"ஓரமா நின்னேன்னியே மாமா, ஓரம் எங்க?" என்றாள் அம்மா.

"ஓரம் இல்ல. முன்னாடியே நின்னுக்கினு இருந்தேன். இங்கதான், சுமாரா."

அம்மா அங்கிருந்து தூண்கள்வரை கண்ணால் அளந்தாள். அப்பாவே தொடர்ந்தார். "பின்னாடி ஒரு ஆளு நின்னாரு. என் கையில காப்பைப் பாத்துட்டு எப்ப கல்யாணம்னு கேட்டாரு. 'காலையில கல்யாணத்த வெச்சிக்கினு இங்க இன்னாப்பா வேல உனக்கு? பொண்ணு காத்துக்கினு இருக்கும், கெளம்பு'ன்னு திட்டினாரு. நான் நகர்ந்ததும் என் எடத்துல அவரு வந்து நின்னாரு. ரோட்டுக்கு வரசொல்லோ சத்தம் கேட்டுது."

"இத்தினி வருசமா ஏன் சொல்லல?"

"கெளம்பிட்டேன்னு சொன்னா, எடத்தை யாருக்குக் குடுத்தேன்னும் சொல்லணுமே."

அன்று தலைவரோடு இறந்தவர்கள் பலர். அந்த மனிதர் பிழைத்தாரா என்று அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. பேப்பரில் வந்த படங்களையெல்லாம் தேடிப் பார்த்திருக்கிறார். முகம் தெரியும், பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.

அம்மா தலையிலிருந்த மல்லிகையைக் கழற்றி, அப்பா நின்ற இடத்தில் புல்லின் மேல் வைத்தாள். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் அருகே வந்து, "பூவை அங்க வைங்கம்மா" என்று நடுவிடத்தைக் காட்டினார்.

"அவருக்கு நெறைய பேரு வெப்பாங்கமா. இது என் கல்யாணத்துக்கு ஆளை அனுப்பி வெச்சவருக்கு."

அந்தப் பெண் போலீஸ் அப்பாவைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். பிறகு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

திரும்பும் பஸ் 11.05-க்கு. அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, நினைவிடம் கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறிய பிறகு தாங்காது. சுற்றிப் பார்க்க முக்கால் மணி நேரம் போதும். தண்ணீர் கொண்டுபோங்கள். தலைவருக்கு வணக்கம் செலுத்திய பிறகு உடனே வெளியேறாமல், அன்று கூட்டம் நின்ற பக்கமும் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். திரும்பும் பஸ் நேரத்தை நடத்துநரிடமே கேட்டு வையுங்கள். யாராவது முன்பின் தெரியாதவர் "நேரமாச்சு, கெளம்புப்பா" என்றால் கோபப்படாமல் கிளம்பிவிடுங்கள். முடிந்தால் அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா கேட்டிருந்தால் அந்தப் பெயரைத்தான் எனக்கு வைத்திருப்பார்கள்.