வலது கீழ் மூலை

என் சித்தி போட்டோவில் நன்றாக விழமாட்டாள் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். நேரில் பார்த்தால் லட்சணமான பெண்தான். ஆனால் மாப்பிள்ளை வீடுகளுக்கு அனுப்பிய அவளுடைய போட்டோக்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. பெண் பார்க்க என்று ஒருவர்கூட எங்கள் வீட்டுப் படியேறவில்லை. சிலருக்கும் கேமராவுக்கும் ஆகாது என்று அப்பா சொல்வார். அம்மாவின் கூடப்பிறந்த மாமாவுக்கு ஜாதகத்தின் மேல் சந்தேகம். அம்மா வாரம் தவறாமல் தன் தங்கையை தாடிக்கொம்புப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போய், அங்கே இருக்கும் மன்மதனுக்கும் ரதிக்கும் மாலை சாத்திவிட்டு வந்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், படங்களை அழகாக்குவதுதான் சித்தியின் வேலை.

நத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்லூரியில் படிப்பதற்காகத் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்தவள் அவள். பி.காம். முடிந்ததும் பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றாள். அதற்காகக் கம்ப்யூட்டர் கிளாசில் சேர்ந்தாள். அங்கிருந்து மெல்ல நழுவி, பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு மாடியில் இருந்த பிளக்ஸ் பேனர் கடையில் டிசைனராகப் போய் உட்கார்ந்துவிட்டாள். மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. இருந்தாலும் கல்யாணம் வரைக்கும்தானே என்று விட்டுவைத்திருந்தார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவும் அப்பாவும் வேலையிலிருந்து திரும்ப ஆறு மணி ஆகும் என்பதால், பள்ளி விட்டதும் நான் நேராகச் சித்தியின் கடைக்குப் போய்விடுவேன். எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு. அந்த அறையில் ஏசி ஓடியது. கம்ப்யூட்டர் சூடாகக் கூடாது என்பதற்காகப் போட்டது, அதன் குளிரில் நாங்களும் உட்கார்ந்திருந்தோம்.

காதுகுத்து, சடங்கு, கல்யாணம், கோயில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாக் காரியங்களும் அந்த மாடிக்கு வந்துதான் ஊருக்குள் போயின. ஜனங்கள் பீரோவிலிருந்தும் பர்ஸிலிருந்தும் போட்டோக்களை எடுத்துக்கொண்டு வருவார்கள். பனியனோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பெரியப்பாவைக் காட்டி, இவரைக் கோட்டு சூட்டில் போடுங்கள் என்பார்கள். சித்தியின் கம்ப்யூட்டரில் தலையில்லாத உடம்புகளுக்கென்றே ஒரு ஃபோல்டர் இருந்தது. கோட்டு உடம்பு, வெள்ளைச் சட்டை உடம்பு, கைகூப்பிய பட்டுப்புடவை உடம்பு. ஒரே தோள்பட்டையைத் திண்டுக்கல்லில் பாதிப் பேர் மாட்டிக்கொண்டு சிரிப்பதை நான் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன்.

பேனருக்கென்று சட்டதிட்டம் உண்டு. மேலே சாமிகள். நடுவில் காரியத்துக்கு உரியவர்கள். பக்கத்தில் தாய்மாமன், கொஞ்சம் பெரிதாக. அவர் முகம் மற்றவர் முகத்தைவிட ஒரு விரல் குறைந்துபோனால் காதுகுத்து வீட்டில் இலை போட விடமாட்டார்கள். கடைசி வரிசையில் குழந்தைகள், ஆளுக்கொரு பூவுக்குள். வலது கீழ் மூலையில் பொடி எழுத்தில் கடையின் பெயரும் போன் நம்பரும். அந்த மூலையை மட்டும் யார் கேட்டாலும் ஓனர் தரமாட்டார். விட்டுப்போன சித்தப்பாவை அதில் வைக்கச் சொல்லி ஒருவர் சண்டைக்கே வந்தார். அது வேலை செய்தவன் இடம், அதில் சித்தப்பாவுக்கு என்ன வேலை என்று ஓனர் திருப்பி அனுப்பிவிட்டார்.

சித்திக்கு ஒரு ரகசியம் இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு விளம்பரக் கம்பெனிக்குத் தன் வேலைகளை சிடியில் போட்டு அனுப்பியிருந்தாள். தீபாவளி கழித்து நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். வரும்போது ஆல்பம் கொண்டுவர வேண்டும். வேலை இல்லாத நேரத்தில் அந்த ஆல்பத்துக்காக அவள் இல்லாத கடைகளுக்கெல்லாம் படம் செய்தாள். இல்லாத ஊறுகாய்க்கு லேபிள், இல்லாத பட்டுக்கடைக்குப் பெட்டி, யாரும் கட்டாத ஓட்டலுக்குப் பெயர்ப்பலகை. கோட்டு உடம்பு ஒன்றுகூட அவற்றில் கிடையாது. விஷயம் ஓனருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். சித்திக்குக் கல்யாணமும் நடக்கும், கோயம்புத்தூர் வேலையும் கிடைக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டும் நல்ல காரியங்கள்தானே, ஒன்றை ஒன்று என்ன செய்துவிடப் போகிறது என்பதுதான் என் கணக்கு.

புரட்டாசி வாக்கில் மாமா எரியோட்டில் ஒரு வரன் இருப்பதாகச் சொன்னார். மாப்பிள்ளைக்குச் சொட்டுநீர்க் குழாய்க் கடை. தோட்டம் இருக்கிறது, கெட்ட பழக்கம் இல்லை. இந்தத் தடவையாவது போட்டோ ஒழுங்காக இருக்கட்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று அத்தை வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பாவின் அக்கா. நாக்கில் நரம்பில்லாதவள் என்று அம்மா சமையலறைக்குள் நின்று சொல்வாள்.

"போறவுக வாரவுக மூஞ்சியெல்லாம் அழகாக்குறாளாம். தன் மூஞ்சிய ஒழுங்கா வைக்கத் தெரியல. இவ என்னத்த டிசைனரு?"

எனக்குச் சுருக்கென்றது. சித்தியின் கல்யாணம் தட்டிப்போவது பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. அவளுக்கு வேலை தெரியாது என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் ஸ்டுடியோவில் புதிதாக எடுத்த போட்டோ பென் டிரைவில் வந்தது. வழக்கம்போல் சித்தியே அதை உட்கார்ந்து சரிசெய்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். முகத்தைப் பெரிதாக்கி, இடது கண்ணின் ஓரத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். கண்ணுக்குக் கீழே லேசாக நிழல் கொடுத்தாள். உதட்டை இரண்டு பக்கமும் துளி கீழே இறக்கினாள். ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்தது. ஒவ்வொன்றும் அரிசிமணி அளவு மாற்றம். எது தப்பு என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. மொத்தத்தில் அது சித்திதான், நாலு நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த சித்தி.

கண் சின்னதாகிவிட்டதே என்று நான் சொன்னேன். அப்படியா, இருக்கட்டும் என்றாள். பிரிண்ட் எடுத்து ஜாதகத்தோடு ஒரு கவருக்குள் வைத்தாள். மாமா சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

என் நோட்டில் இருக்கும் தப்பு என் கண்ணுக்குத் தெரிவதில்லை, டீச்சருக்குத்தான் தெரிகிறது. அதுபோல்தான் சித்திக்கும் என்று நான் முடிவுகட்டினேன். அவளுடைய மேஜை டிராயரில் இன்னொரு போட்டோ இருந்தது. அதற்கு ஒரு கதை உண்டு. பழைய படங்களைச் சரிசெய்து தருவோம் என்பதற்கு அடையாளமாக, முன்பு இப்படி, பின்பு இப்படி என்று கடை வாசலில் இரண்டு படம் மாட்ட ஓனர் ஆசைப்பட்டார். 'முன்பு' படத்துக்குத் தன் முகத்தைக் கொடுக்க எந்த வாடிக்கையாளரும் சம்மதிக்கவில்லை. கடைசியில் சித்தி தன் படத்தையே வைத்துச் செய்தாள். ஒரு வாரம் வாசலில் தொங்கியது. பஸ்ஸிலிருந்து இறங்கிய மாமா அதைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் கழற்றியாகிவிட்டது. அந்த 'பின்பு' படம்தான் டிராயரில் கிடந்தது. அதில் சித்தி யாரோ சொன்ன பகடிக்குச் சிரிக்கப் போகிற மாதிரி இருப்பாள். அவள் செய்ததிலேயே சிறந்த வேலை அது என்பது என் அபிப்பிராயம். இன்றைக்கும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

சித்தி பிரிண்ட் பார்க்கக் கீழே மெஷினுக்குப் போனாள். கவர் ஒட்டாமல் மேஜையில் இருந்தது. காய்ச்சல் சித்தியை எடுத்து டிராயரில் வைத்துவிட்டு, சிரிப்புச் சித்தியைக் கவருக்குள் வைத்தேன். திருட்டு வேலை செய்கிறோம் என்ற பயம் துளியும் இல்லை. அத்தைக்குப் பதில் சொல்லியாகிவிட்டது என்ற திருப்தியோடு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன்.

எண்ணி எட்டாம் நாள் எரியோட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. மன்மதன் கண் திறந்துவிட்டான் என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். சித்தி காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா கைப்பையிலிருந்து போட்டோவை எடுத்து, இதைப் பார்த்த அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டோம் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சித்தி அந்தப் போட்டோவைப் பார்த்தாள். பிறகு கூடத்தில் இருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். எல்லோருக்கும் காப்பியைக் கொடுத்து முடித்தாள்.

சமையலறையில் அவள் கேட்டாள்.

"டிராயரத் தொறந்தியா?"

"ஆமா சித்தி. நீ கவர்ல வச்சது நல்லா இல்ல. அதான் நல்லாப் பண்ணத எடுத்து வச்சேன்."

அவள் அடுப்பைத் தணிக்கத் திரும்பினாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. பிறகு, "ஆமா, நல்லாப் பண்ணலதான்" என்று சொல்லிவிட்டு, பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பெண்ணுக்குச் சம்மதமா என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார்கள். அதற்கு ஒரு பதில்தான் வழக்கத்தில் இருந்தது. அதை அவள் சொன்னாள்.

தீபாவளி கழித்து வந்த முதல் முகூர்த்தத்தில் நிச்சயம் வைத்தார்கள். கோயம்புத்தூருக்குப் போக வேண்டியிருந்ததும் அதே வாரம். நிச்சயத்துக்கு மறுநாள் சித்தி அந்த ஆல்பத்தை என்னிடம் கொடுத்தாள். எல்லாப் பக்கமும் பின்னால் வெள்ளையாகத்தான் இருக்கிறது, படம் வரைந்துகொள் என்றாள். வழவழப்பான தாள் என்பதால் கிரேயான் சரியாக ஒட்டவில்லை. நான் அதைக் குறையாக அவளிடமே போய்ச் சொன்னேன். அது எதற்காகச் சேர்த்த தாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

யாரும் யாரையும் கொடுமைப்படுத்தவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சித்தப்பா நல்ல மனிதர். கல்யாணமான வருடமே சித்திக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். அதில் குழாய்க் கடையின் பில் புத்தகத்துக்கும் கோயில் நோட்டீசுக்கும் டிசைன் செய்தாள். பிறகு அதில் பிள்ளைகள் விளையாடினார்கள். இப்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தினம் காலையில் வணக்கம் சொல்லி ஒரு படம் போடுகிறாள். போனிலேயே செய்வதுதான். மற்றவர்கள் அனுப்பும் பூவுக்கும் சூரியனுக்கும் நடுவே அது மட்டும் தனியாகத் தெரியும். எழுத்துக்கும் ஓரத்துக்கும் நடுவில் விட்டிருக்கும் இடத்தைப் பார்த்தாலே போதும், தொழில் தெரிந்த கை என்று சொல்லிவிடலாம். அத்தை அதற்கு ஒவ்வொரு நாளும் கைகூப்பிப் பதில் போடுகிறாள்.

நான் டிசைன் படித்தேன். கோயம்புத்தூரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வேலை கிடைத்த செய்தியைச் சொல்லப் போனபோது சித்தி ரொம்ப சந்தோஷப்பட்டாள், கேசரி கிண்டிக் கொடுத்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அங்கே வேலை செய்தவர்கள் பெயரைப் போடுவார்களா என்று. போடமாட்டார்கள் என்றேன். அப்படியென்றால் நல்லதுதான் என்றாள்.

அவளுடைய கல்யாண பேனர் பற்றி இன்னும் சொல்லவில்லை. தன் கல்யாணத்துக்குத் தானே டிசைன் செய்வேன் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். கடையில் அவள் செய்த கடைசி வேலை அதுதான். மண்டப வாசலில் இருபதடிக்கு நிமிர்ந்து நின்றது. மேலே தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள். நடுவில் மணமக்கள். மாமா முகம் யாரும் குறை சொல்ல முடியாத அளவில். அத்தைக்குக் கைகூப்பிய பட்டுப்புடவை உடம்பு, பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள். கடைசி வரிசையில் பூக்களுக்குள் பிள்ளைகள்.

அந்த வரிசையில் நான் இல்லை. இரண்டு தடவை எண்ணினேன். எண்ணிக்கொண்டே போய்த்தான் என்னைக் கண்டுபிடித்தேன். வலது கீழ் மூலையில், பொடி அளவில், தனியாக. பூ இல்லை, கீழே பெயரும் இல்லை. அந்த இடத்தில் இருக்கவேண்டிய கடையின் பெயரையும் போன் நம்பரையும் காணோம். மறந்துபோய், மிச்சமிருந்த மூலையில் கடைசியில் ஒட்டியிருக்கிறாள் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். கல்யாணத்துக்கு வந்த கடை ஓனர் பேனரை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, அந்த மூலையில் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

மணப்பெண் அறைக்கு அழுதுகொண்டே ஓடினேன். சித்திக்குத் தலையில் பூச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். என்னை ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்டேன். அவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல், "அது சும்மா கெடைக்கிற எடம் இல்லடி" என்றாள்.

அதைக் கேட்டு எனக்கு அழுகை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, சிரித்த பிள்ளைகளிடம் அதையே பெருமையாகச் சொன்னேன். அந்த மூலையில் எப்போதும் வேலை செய்தவர் பெயர்தான் இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதில் ஏன் என் முகம் இருந்தது என்பதுதான் அன்று தெரியவில்லை.