ரிமோட் சார் எழுதிய ஒரு வரி

எங்கள் நாளிதழில் வரி விளம்பரம் வாங்கும் கவுன்டரில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர். வீடு வாடகைக்கு, பழைய பீரோ விற்பனைக்கு என்று ஆட்கள் கிறுக்கித் தரும் துண்டுச் சீட்டுகளை வாங்கி, பிழை திருத்தி, நாலு வார்த்தையில் அடக்கித் தருவார். பதினைந்து வார்த்தையை நாலாக்கிப் பழகிய கை. அதனால்தானோ என்னவோ, அவர் எழுதினால் ஒரு வார்த்தை கூட வெட்டியாக நிற்காது.

ஒரு வெள்ளிக்கிழமை ஞாயிறு இணைப்புக்கு எழுதுகிறவர் காலை வாரிவிட்டார். ஆசிரியர் தாழ்வாரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது இவர் ஒரு விளம்பரப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதியதைக் கொண்டுவந்து நீட்டினார். முந்தின நாள் மறு ஒளிபரப்பில் பார்த்த பழைய சீரியலைப் பற்றியது. அடுத்த ஒன்பது வருஷம் 'ரிமோட்' என்ற பெயரில் அந்த மூலை அவருடையது. அலுவலகத்திலும் ரிமோட் சார் என்றே ஆகிவிட்டார். பக்கம் வடிவமைப்பது என் வேலை என்பதால் அவர் எழுத்தை முதலில் படிக்கிறவள் நான்.

இல்லை, இரண்டாவதாகப் படிக்கிறவள். முதலில் படிப்பது அவருடைய அக்கா. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. தம்பிக்குக் கல்யாணமே ஆகவில்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரே ஒரு டிவி. அதில் மதியம் சீரியல், மற்ற நேரத்தில் டென்னிஸ்.

அவருடைய பத்தி மூன்று துண்டாக இருக்கும். மேலே பழைய சீரியல். புதுசுகளை அவர் சீந்தவே மாட்டார். "ஆயிரம் எபிசோடு ஓடிய வீட்டில் யாரும் குளிக்கப் போய் நான் பார்த்ததில்லை, ஆனாலும் காலையில் எல்லாருக்கும் தலை ஈரம்" என்று எழுதுவார். "அழுகிறவளை விடுங்கள், அடுப்பங்கரை வாசலில் சும்மா நிற்கிறாளே, அவளைக் கவனியுங்கள்" என்பார். நடுவில் டென்னிஸ். வாழ்நாளில் மட்டையைத் தொட்டதில்லை. ஆனாலும் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் ஆடுகிறவர்கள் குறைந்துகொண்டே போவதைச் சொந்தக்காரர் யாரோ நோயில் கிடப்பதுபோல எழுதுவார். கடைசியில் நாட்டு நடப்பு. அங்கேதான் நாக்கு சாட்டையாகும். மூன்றாம் முறை தோண்டிய சாலை, முதல் மழைக்கே ஒழுகிய புதுக் கட்டடம், யாரையும் விடமாட்டார். பாதிப் பேர் கீழேயிருந்துதான் படிக்கவே ஆரம்பிப்பார்கள்.

அந்த வாரம் ஊரையே உலுக்கிய செய்தி ஒன்று வந்தது. மழலையர் பள்ளி வேனில் நாலு வயதுக் குழந்தை பின் இருக்கையில் தூங்கிவிட்டது. யாரும் கவனிக்காமல் வேனைப் பூட்டி ஷெட்டில் விட்டுவிட்டார்கள். இரண்டு மணி நேரம். நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து குழந்தை பிழைத்தது. பிள்ளைகளை எண்ணி இறக்க வேண்டிய வேன் ஆயா எண்ணவில்லை, வேலையை விட்டு நீக்கிவிட்டோம் என்று பள்ளி அறிக்கை கொடுத்தது. முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு ஒரு பெண் படியிறங்கும் படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது.

ரிமோட் சார் எழுதினார்: "பதினோரு தலையை எண்ணத் தெரியாதவள் கையில் நம் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்."

வீட்டில் அக்கா அதைப் படித்துவிட்டு, "அந்தப் பொண்ணு என்ன சொல்றான்னு யாராவது கேட்டாங்களாடா?" என்றாராம்.

"பேப்பர்லயே வந்திருக்கே அக்கா. இதுக்கு மேல என்ன கேக்கணும்?"

இதை அக்காவே பிறகு என்னிடம் சொன்னார். நான் மட்டும் என்ன செய்தேன்? அந்த வரியைத் தனியே எடுத்து, பெரிய எழுத்தில், சிவப்புக் கட்டம் கட்டி நடுவில் வைத்தேன். "சும்மா நச்சுனு இருக்கு சார்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அந்தக் கட்டத்தை மட்டும் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பினார்கள். என் நாத்தனார் அதை எனக்கே அனுப்பி, "படிச்சியா?" என்று கேட்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்து விசாரணை அறிக்கை வந்தது. எங்கள் பேப்பரின் ஒன்பதாம் பக்கத்தில் ஐந்து வரி. அன்று காலை பாதி வழியில் பள்ளி அலுவலகத்திலிருந்து போன் செய்து, வாந்தி எடுத்த ஒரு பிள்ளையைத் திரும்ப வீட்டில் விடச்சொல்லி அந்த ஆயாவை இறக்கிவிட்டிருக்கிறார்கள். மீதி வழி டிரைவர் மட்டும்தான். நேரம் போட்டு அவள் கையெழுத்திட்ட பதிவேடு பள்ளியிலேயே இருந்திருக்கிறது. அவள் மேல் எந்தத் தவறும் இல்லை.

அக்கா அதைச் சத்தமாக வாசித்தபோது அவர் பாதி சவரத்தில் இருந்தாராம். ஒரு கன்னம் சரியாக மழிக்காமலே அலுவலகம் வந்தார். என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரவில்லை.

"ஒன்பதாம் பக்கம் பார்த்தியாம்மா?"

"பார்த்தேன் சார்."

மாலையில் பத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். முழுக்க அந்தப் பெண்ணைப் பற்றித்தான். டென்னிஸில் வெளியே என்று நடுவர் சொன்ன பந்து உள்ளே விழுந்திருப்பதை டிவி மறுபடி போட்டுக் காட்டுவதில் ஆரம்பித்து, தன் தவறுக்கு வந்திருந்தார். அழகாகத்தான் இருந்தது. மறுநாள் காலை நான் கம்ப்யூட்டரைத் திறப்பதற்குள் வந்துவிட்டார்.

"அதை எடுத்துடும்மா."

"ஏன் சார், நல்லா வந்திருக்கே."

"அதான். இதுலயும் என் சாமர்த்தியத்தைத்தான் காட்டியிருக்கேன்."

திரும்ப எழுதியது பன்னிரண்டே வரி. விசாரிக்காமல் எழுதினேன், எழுதியது பொய், அந்தப் பெண் குற்றமற்றவர், என் வரியை யாருக்காவது அனுப்பியிருந்தால் இதையும் அனுப்புங்கள். அவ்வளவுதான்.

ஆசிரியர் கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் உதட்டைப் பிதுக்கினார். "ஸ்கூல் சொன்னதைத்தானே சார் எழுதினோம்? ஞாயித்துக்கிழமை ஜனங்க சிரிக்க வர்ற இடம் அது. அங்க போய் ஒப்பாரி வெக்கணுமா? திருத்தம்னு ரெண்டு வரி போட்டுடலாம்."

ஏழாம் பக்கத்தில், வானிலைக்குக் கீழே, இரண்டு வரி வந்தது. எழுதியவர் பெயர் இல்லை. அன்றோடு அவர் பத்தி எழுதுவதை நிறுத்தினார். கோபம் தணிந்தால் வந்துவிடுவார் என்று ஆசிரியர் நினைத்தார். அது கோபம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

நிருபரிடம் அந்தப் பெண்ணின் முகவரி வாங்கி, ஒரு சனிக்கிழமை மதியம் என் ஸ்கூட்டரில் போனோம். டயர் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயது இருக்கலாம். கையில் துவைத்த துணி.

"நான்தாம்மா ரிமோட்" என்றார். தன் பெயரைக் கூடச் சொல்லவில்லை.

அவள் அவரையே பார்த்தாள். கதவை அறைந்து சாத்துவாள் என்று நினைத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து, "யாரு? ரிமோட்டா? பேப்பர்ல எழுதறவரா?" என்று ஒரு குரல். அவள் கண்ணை ஒரு நொடி மூடித் திறந்து, வழிவிட்டாள்.

கட்டிலில் அவளுடைய அம்மா. ஒரு பக்கம் விழுந்துவிட்ட உடம்பு. விழாத பக்கம் முழுக்கச் சிரிப்பு. "உக்காருங்க சார், உக்காருங்க. ஞாயித்துக்கிழமையானா நீங்க எழுதினதை இவதான் வாசிச்சுக் காட்டுவா. இப்ப ஏன் வர்றதில்ல?"

"கொஞ்சம் ஓய்வும்மா."

"அந்த ரெண்டு ஓரகத்தி சீரியலை மறுபடி போட்டு, பாதியில நிறுத்திட்டானுங்க பாவிங்க. மூத்தவ மறுபடி வேலைக்குப் போனாளா?"

"போனாங்கம்மா. மொத நாளே பஸ் படியில செருப்பு அறுந்துபோச்சு. வெறுங்காலோட போய் சீட்டுல உக்காந்தாங்க."

"அப்படிப் போடு! முடிவு என்ன ஆச்சு?"

"முடிவு சரியில்லம்மா. எழுதினவர் நடுவுல விலகிட்டாரு. கடைசி நாள் எல்லாரும் மாடிப்படியில நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டாங்க."

"அவ்வளவுதானா? இத்தனை நாள் பார்த்தோமே!"

"அவ்வளவுதாம்மா."

அம்மா உச்சுக்கொட்டினார். பிறகு நல்ல கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சார், இவளுக்கு வேலை போயிடுச்சு. செய்யாத தப்புக்கு யாரோ என்னமோ சொல்லிட்டாங்களாம். நீங்க இவளைப் பத்தி எழுதுங்க. நீங்க எழுதினா நாலு பேர் நம்புவாங்க."

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் அந்த அம்மாவுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். ஆமாம் என்றா, முடியாது என்றா, எனக்கே புரியவில்லை.

வெளியே டயர் அடுக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றோம். அவள் குரலைத் தாழ்த்திப் பேசினாள். "அம்மாவுக்குத் தெரியாது. அந்த ஞாயித்துக்கிழமையும் நான்தான் வாசிச்சேன். சீரியல் படிச்சேன், டென்னிஸ் படிச்சேன். கீழ வந்தா நான் இருக்கேன். நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. ரோடு தோண்டறதைப் பத்தி நானே நாலு வரி சொன்னேன். நல்லா எழுதியிருக்காருன்னு சிரிச்சாங்க."

அவர் இரண்டு கையையும் கூப்பினார். "அம்மா, என்னை..."

"கேக்காதீங்க சார். கேட்டா நான் முடியாதுன்னு சொல்லணும். உள்ள அம்மாவுக்குக் கேட்டுடும்." கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுச் சொன்னாள். "அந்தக் குழந்தை தினமும் என் மடியிலதான் தூங்கிட்டு வரும். ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ள விடல. அவங்க அம்மா கையில உங்க பேப்பர் இருந்துச்சு."

கட்டம் போட்டது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

அதன் பிறகு அவர் விசாரணை அறிக்கையைப் பிரதி எடுத்துக்கொண்டு அவளுக்கு வேலை கேட்டு ஆறு பள்ளிக்கூடம் ஏறி இறங்கினார். ஐந்தில் "பார்க்கலாம் சார்" என்றார்கள். ஆறாவது பள்ளியின் தலைமையாசிரியை அறிக்கையை முழுக்கப் படித்துவிட்டு, "நான் நம்பறேன் சார். ஆனா பெத்தவங்க போன்ல உங்க வரிதானே இருக்கு? அவங்ககிட்ட இந்த இருபது பக்கத்தை எப்படிப் படிக்கச் சொல்வேன்?" என்றாராம். கடைசியில் ஒரு ஹோட்டல் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது. அதுவும் அவர் தயவில் இல்லை, அவளே தேடிக்கொண்டது. பிள்ளைகள் பக்கமே அவள் திரும்பப் போகவில்லை.

அடுத்த வருஷம் அந்த அம்மா இறந்துபோனார். டயர் கடைக்காரர் தகவல் சொல்ல, அவரும் அக்காவும் நானும் போனோம். வாசலில் பத்துப் பன்னிரண்டு நாற்காலி. அவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா உள்ளே போய் அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று அக்கா எங்களிடம் சொன்னதே இல்லை.

கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள்.

"நீங்க வந்துட்டுப் போனதை அம்மா பார்க்கறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருந்தாங்க. ரிமோட் சார் நம்ம வீட்டுக்கு வந்தாரு, என் கையைப் பிடிச்சுட்டுக் கதை சொன்னாருன்னு." அவள் அழவில்லை. "கடைசிவரைக்கும் நான் எதுவும் சொல்லல சார்."

அவள் உள்ளே போய்விட்டாள். அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தெருமுனையில் அக்காவுக்கு ஆட்டோ பிடித்தேன். "நீயும் ஏறுடா" என்றார் அக்கா.

"நீ போக்கா. நான் நடந்து வர்றேன்."

"ஆறு கிலோமீட்டர்டா."

"தெரியும்."

சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு அவர் நடக்க ஆரம்பித்தார். ஆட்டோ அவரைத் தாண்டிப் போகும்போது அக்கா வெளியே தலை நீட்டிப் பார்த்தார். அவர் நிமிரவில்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். மறுநாள் பேப்பருக்கான பக்கம் இன்னும் பாதி காலியாகக் கிடந்தது.