பதினேழாவது கான்

வானொலியில் அமைச்சர் வந்து "தட்டுப்பாடு இல்லை" என்று சொன்னால், எங்கள் குருநகரில் சனம் உடனே எண்ணெய்க் கானைத் தூக்கும். ஒருமுறை அப்படிச் சொன்ன அடுத்த கிழமை சீனி இல்லை. இன்னொரு முறை பால்மா இல்லை. பிறகு பெற்றோலுக்காக நாள்கணக்கில் றோட்டில் கிடந்தோம். அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், புயல் நாளை மறுநாள் கரை தொடும், எண்ணெய்க் கப்பல் துறைமுகத்துக்குள் வரமுடியாமல் வெளியே நிற்கிறது, என்றாலும் போதிய கையிருப்பு உண்டு, மக்கள் பதற்றப்பட வேண்டாம் என்று அமைச்சர் சொல்லி முடிப்பதற்குள், கடற்கரை வீதியில் மண்ணெண்ணெய் கொடுக்கும் செட்டின் முன்னால் ஐந்து கான் வந்து நின்றுவிட்டது. செட்டில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. எண்ணெய் ஏற்றிவரும் பவுசர் புதன்கிழமை காலையில்தான் வரும் என்றார்கள். ஆனாலும் கான் நிற்கும். ஆள் வீட்டுக்குப் போகலாம், சாப்பிடலாம், பூசைக்குப் போகலாம். கைபிடிகளுக்குள்ளால் ஒரு கயிற்றை ஓட்டிக் கட்டிவிட்டால் கான்தான் ஆள்.

நான் உடனே போகவில்லை. முற்றத்தில் நின்று அமைச்சரின் குரலில் அக்காவுக்குப் பேசிக்காட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட எனக்கு ஒழுங்காக வந்த வித்தை அது ஒன்றுதான்.

"அன்பான பொதுமக்களே, இந்தக் குசினியில் மீன்குழம்பு போதியளவு கையிருப்பில் உண்டு. தம்பிமார் பதற்றப்படத் தேவையில்லை."

"போடா விசரா. போய்க் கானை வை," என்று அக்கா அகப்பையைக் காட்டினாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அப்போதுதான் அத்தான் போன் எடுத்தார். அக்காவின் புருசன். கடலுக்கு அங்கால் ஒரு மணல் தீவில் மீனவர் தங்குகிற ஓலை வாடி போட்டு மூன்று கிழமையாகத் தொழில் செய்துகொண்டிருந்தார். இங்கிருந்து ஒன்றரை மணித்தியால ஓட்டம்.

"மச்சான், பக்கத்து வாடிக்காரர் புயல் எண்டு கரைக்கு வெளிக்கிடுறாங்கள். என்னோடை நிண்ட ஆளும் அவங்களோடை ஏறீட்டான். என்ரை போட்டையும் கட்டி இழுத்துக்கொண்டு போறம் எண்டு கேக்கிறாங்கள். வலை இன்னும் தண்ணிக்கை கிடக்கு. எடுத்து முடிய எப்பிடியும் இருட்டிப்போம். அவங்கள் அதுவரைக்கும் நிக்கமாட்டாங்கள். எஞ்சின் ராங்கிலை மண்ணெண்ணெய் கொஞ்சம்தான் கிடக்கு. என்னடா செய்யிறது?"

"வலையை விட்டிட்டு வரப்போறியளோ? புது வலையெல்லோ அத்தான். நீங்கள் ஆறுதலா எடுங்கோ. நாளைக்குக் காலமை சிநேகிதன்ரை போட்டிலை ரெண்டு கானோடை நான் வாறன். மூண்டாவது கானிலை கள்ளும் கொண்டு வாறன்."

"பகிடி விடாதை. வருவியோ?"

"அந்தோனியார் ஆணை வருவன்."

"அப்ப நான் அவங்களைப் போகச் சொல்லுறன்."

அவ்வளவுதான் பேச்சு. ஒரு நிமிடம்கூட வராது. பின்னேரம் நான் கான்களை எடுத்துக்கொண்டு போனபோது வரிசையில் பதினாறு பேர் எனக்கு முன்னால் இருந்தார்கள். பதினேழாவதாக என்னுடைய இரண்டையும் கயிற்றில் கோத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு முழுக்கப் புயலைவிட அரசியல்வாதிகள்தான் கூடுதலாக அடித்தார்கள். எதிர்ப்பக்கத்து ஆள் ஒருவர் ஊடகங்களைக் கூட்டி, வடக்குக்கு வரவேண்டிய எண்ணெயைத் திட்டமிட்டுத் தெற்கில் மறித்துவிட்டார்கள் என்றார். அமைச்சர் திரும்பவும் வந்து, அது பொய், கப்பல் பத்திரமாக நிற்கிறது என்றார். கப்பல் பத்திரமாக நிற்பதால் எங்கள் குப்பிவிளக்கு எரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டு நேரம் எங்கள் பக்கத்து எம்பி முகப்புத்தகத்தில் தன் படத்தோடு எழுதினார்: தான் ஊணுறக்கம் இல்லாமல் கதைத்து ஒரு பவுசர் மண்ணெண்ணெய் எடுத்திருக்கிறார், காலை எட்டு மணிக்கு நேரில் வந்து தன் கையால் வழங்கி ஆரம்பித்து வைப்பார். நான் உடனே கீழே கைதட்டுகிற படம் போட்டேன். பகிடிக்குத்தான்.

புதன் காலை எட்டு மணிக்குச் செட்டடியில் அறுபது எழுபது சனம். வானம் ஈயச்சட்டி மாதிரிக் கிடந்தது. காற்று இன்னும் பெரிதாக இல்லை. கடற்தொழிலாளர் சங்கத்து ஆள் ஒருவர் வந்து, வெளியே நிற்கிற போட்டுகளை மத்தியானம் பன்னிரண்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு துறையால் ஒருவரும் இறங்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். சிநேகிதன் போட்டைத் தண்ணீரில் இறக்கி வைத்துக்கொண்டு, எஞ்சினையும் பூட்டிக்கொண்டு, எண்ணெய்க்காகக் காத்திருந்தான்.

எட்டரை. ஒன்பது. எம்பி வரவில்லை. அவர் வராமல் பவுசரும் வராது. பவுசர் விடியவே யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டதென்றும், எம்பி வெளிக்கிட்டு வரும்வரை நகரத்துக்குள் ஒரு மரநிழலில் பூட்டுப் போட்டபடி நின்றதென்றும் பிறகுதான் தெரிந்தது.

எனக்கு முன்னால் பதினாறாவது ஆள் மீனுக்கு ஐஸ்கட்டி விற்கிற அண்ணை. நல்ல மனுசன், சேட்டுக்குள் அடங்காத நல்ல வண்டி வயிறு.

"அண்ணை, உங்கடை கானைவிட வண்டி பெரிசு. நேரே அதுக்குள்ளை ஊத்தச் சொல்லுங்கோ."

"பவுசருக்கு முதல் உன்ரை வாய்க்கு ஒரு சீல் வைக்கவேணும்ரா."

சனம் சிரித்தது. நான் எம்பியின் குரலில் ஒரு பேச்சு, அமைச்சரின் குரலில் ஒரு மறுப்பு என்று பத்து மணிவரை ஓட்டினேன். ஆனால் உள்ளுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பவுசர் இப்போது வந்தாலும் எனக்கு முன்னால் பதினாறு பேர். ஆளுக்கு இரண்டு நிமிடம். அரை மணித்தியாலத்துக்கு மேல் போய்விடும். அந்த அரை மணித்தியாலத்தை மிச்சம் பிடிக்கத்தான் நான் அந்த வேலை பார்த்தேன்.

போனைக் காதில் வைத்துக்கொண்டு சனத்துக்கு முதுகு காட்டித் திரும்பினேன். மெதுவாக, ஆனால் ஐஸ்கார அண்ணைக்குக் கேட்கிற அளவுக்குக் கதைத்தேன்.

"ஓம், சொல்லு. எங்கை? கோப்பாயிலையோ? அப்ப இஞ்சை வராதோ? சரி சரி. ஆருக்கும் சொல்லேல்லை. சத்தியமாச் சொல்லேல்லை."

"ஆரடா போனிலை?" என்றார் அண்ணை.

"ஒருத்தருமில்லை."

"கோப்பாய் எண்டு என்னவோ சொன்னாய்."

"நான் ஒண்டும் சொல்லேல்லையே."

அது போதும். உரத்துச் சொல்லியிருந்தால் ஒருவரும் நம்பியிருக்கமாட்டார்கள், "உவன்ரை பகிடி" என்று விட்டிருப்பார்கள். ஒளித்ததால் நம்பினார்கள். அண்ணை மெல்லக் குனிந்து கயிற்றிலிருந்து தன் கானை உருவினார். அதைப் பார்த்து அடுத்தவர் உருவினார். பத்து நிமிடத்தில் சைக்கிளும் மோட்டார்சைக்கிளும் ஓட்டோவுமாக முழுச் சனமும் ஏழெட்டுக் கிலோமீற்றர் தள்ளியிருக்கிற கோப்பாய்ப் பக்கம் போய்விட்டது. ஆள் இல்லாத நாலைந்து கான் மட்டும் காற்றுக்கு உருண்டுகொண்டிருந்தது. நான் என்னுடைய இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்ப் பம்புக்கு நேரே முன்னால் வைத்தேன். அக்காவுக்கு எடுத்தேன்.

"அக்கா, நான் இப்ப முதலாவது ஆள். அத்தான் எடுத்தா, வெளிக்கிட்டிட்டான் எண்டே சொல்லு."

இருபது நிமிடத்தில் எம்பியின் வெள்ளை வாகனம் வந்தது. பின்னால் பவுசர். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. எம்பி இறங்கினார். படம் எடுக்கிறவன் இறங்கி நாலு பக்கமும் பார்த்தான்.

"ஐயா, சனமே இல்லை. வெறுந்தரையிலை என்னத்தை எடுக்கிறது?"

"எங்கை சனம்?" என்று எம்பி செட்டுக்காரரைக் கேட்டார்.

"எல்லாம் கோப்பாய்க்கு ஓடீட்டுதுகள் ஐயா. அங்கை குடுக்கினமாம்."

"அங்கை ஆர் குடுக்கிறது?" எம்பிக்கு முகம் மாறியது. எதிர்ப்பக்கத்து ஆள் முந்திவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். "திருப்பு. கோப்பாய்க்குப் போவம்."

நான் கானோடு குறுக்கே போய் நின்றேன். "ஐயா, எனக்கு ரெண்டே ரெண்டு கான். என்ரை அத்தான் தீவிலை எண்ணெய் இல்லாமல் நிக்கிறார். பன்னெண்டுக்குள்ளை போகவேணும்."

அவர் என் தோளில் கை வைத்தார். "கட்டாயம் தருவம் தம்பி. கோப்பாய்க்கு வாரும். சனம் நிக்கிற இடத்திலைதான் பவுசரின்ரை சீல் உடைக்கலாம். இஞ்சை உமக்கு மட்டும் ஊத்தினா நாளைக்கு என்னைத்தான் கிழிப்பாங்கள்."

பவுசர் பின்பக்கமாக ஓடி, திரும்பி, என் கண்ணுக்கு முன்னால் போனது. அந்த நேரம் எனக்கு ஒருவருடைய குரலும் வரவில்லை.

சைக்கிள் காண்டிலில் இரண்டு கானையும் கொளுவிக்கொண்டு கோப்பாய்க்கு மிதித்தேன். நான் போய்ச் சேர, அங்கே எங்கள் ஆட்களோடு தோட்டக்காரச் சனமும் சேர்ந்து வரிசை றோட்டுவரை நின்றது. எம்பி முதலாவது கானை ஒரு பெண்ணின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். படம் சரிவரவில்லைப்போல. அதே கானை வாங்கித் திரும்பக் கொடுத்தார். நாலு தரம். நான் கடைசியில் போய் நின்றேன்.

என்னைக் கண்ட எங்கள் ஆட்கள் கை காட்டினார்கள். திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஐஸ்கார அண்ணை நிரம்பிய கானோடு வந்து என் முதுகில் தட்டினார்.

"கெட்டிக்காரனடா நீ. நீ போனிலை கதைச்சதைக் கேட்டிராட்டி நாங்கள் பேயன்கள் மாதிரி அங்கையே நிண்டிருப்பம். ஏன்ரா பிந்தினனீ?"

நான் முன்னால் நின்ற தலைகளை எண்ணினேன். மூன்று குழாயில் ஒரேநேரத்தில் ஊற்றினார்கள். எனக்கு முன்னால் இன்னும் இருபது பேர் நிற்க, பவுசர் வற்றிவிட்டது. அண்ணை திரும்பி வந்து என் கானுக்குள் தன்னுடையதில் பாதியை ஊற்றினார். "பிடி. உன்ரை அத்தானிட்டைப் போ."

எதிர்க்காற்று. துறைக்கு வந்து சேர மத்தியானம் ஒரு மணியாகிவிட்டது. இறங்குதுறைக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கடல் கறுத்துப்போய் இருந்தது. சங்கத்து ஆளிடம் கெஞ்சினேன், காலைப் பிடித்தேன். "ஒருத்தனை எடுக்க ரெண்டு பேரைக் குடுக்கேலாது தம்பி," என்றார். சிநேகிதன் போட்டை ஏற்கெனவே கரையில் ஏற்றித் தென்னையோடு கட்டிவிட்டான். நான் அத்தானுக்கு எடுத்தேன். தொடர்புகொள்ள முடியாது என்று போன் கொம்பனியின் அந்தப் பதிவுக்குரல் பெண் சொன்னாள். அவளுடைய குரலிலும் நான் எத்தனையோ தரம் பேசிக்காட்டியிருக்கிறேன்.

அத்தான் பத்தரைக்கு அக்காவுக்கு எடுத்திருக்கிறார். "தம்பி வெளிக்கிட்டிட்டானோ?" என்று கேட்டிருக்கிறார். அவள், நான் சொல்லச் சொன்னதைச் சொல்லியிருக்கிறாள். பன்னிரண்டரை வரைக்கும் பார்த்தபடி நின்றிருக்கிறார். பிறகு ஒருக்கால் எடுத்து, காற்று ஏறுது, இனி நிண்டா வேலையில்லை, இருக்கிற எண்ணெயோடை வாறன், வழியிலை அவனைச் சந்திப்பன்தானே என்றாராம்.

புயல் இரண்டு நாள் அடித்தது. மூன்றாம் நாள் பூநகரிப் பக்கக் கரையில் போட் கிடந்தது. கவிழ்ந்திருந்தது. புது வலை நன்றாகச் சுற்றிக் கட்டியபடியே உள்ளுக்குள் இருந்தது. ராங்கைத் திறந்து மூக்கை வைத்து மணந்து பார்த்தேன். காய்ந்துபோய் இருந்தது. அடுத்த நாள் அத்தானும் கிடைத்தார்.

செத்தவீட்டுக்கு எம்பி மலர்வளையத்தோடு வந்தார். சரியான நேரத்தில் எண்ணெய் கொடுத்தும், எச்சரிக்கையை மீறிக் கடலில் நின்றவர்களைத் தன்னால் காப்பாற்ற முடியவில்லையே என்று வாசலில் நின்று ஊடகத்துக்குக் கவலைப்பட்டார். அடுத்த கிழமை எதிர்ப்பக்கத்து ஆட்கள் தேவாலயத்துக்கு அங்கால் கொட்டகை போட்டார்கள். பெரிய பதாகை. "எண்ணெயை மறித்த அரசே, இந்த உயிருக்குப் பதில் சொல்." நடுவில் அத்தானின் படம். கலியாணப் படத்திலிருந்து அக்காவை வெட்டிவிட்டு எடுத்திருந்தார்கள். ஆனால் அத்தானின் தோளில் இருந்த அவளுடைய விரல்களை வெட்ட மறந்துவிட்டார்கள்.

அக்காவை முன்வரிசைக் கதிரையில் இருத்தினார்கள். எனக்குக் கதைக்க வரும் என்பது ஊருக்கே தெரியும். மைக்கைக் கையில் தந்தார்கள்.

"எண்ணெய் வந்தது," என்றேன். "செட்டடிக்கு வந்தது. நான்தான் பொய் சொல்லிச் சனத்தைக் கலைச்சனான். போனிலை ஒருத்தரும் இல்லை. நானே கதைச்சனான். சனம் இல்லையெண்டுதான் எம்பி பவுசரைத் திருப்பினவர்."

பிறகு பின்னால் யாரோ, "இதிலையும் பகிடியோடா?" என்றான். இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஐஸ்கார அண்ணை எழும்பினார்.

"தம்பி, நீ பொய் சொன்னதெண்டா பவுசர் எப்பிடியடா கோப்பாய்க்கு வந்தது? நீ சொன்ன மாதிரியேதானே வந்தது. எங்கள் எல்லாருக்கும் கிடைச்சதுதானே."

"பாவம், கவலையிலை என்ன கதைக்கிறன் எண்டு தெரியாமல் நிக்கிறான்," என்று சொல்லிக்கொண்டு ஒருவர் மைக்கை வாங்கினார். அடுத்தவர் அரசைத் திட்டத் தொடங்கினார்.

அக்கா கதிரையிலிருந்து எழும்பி வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். வேலிப் படலையைத் திறந்தாள். உள்ளே போய்த்தான் கேட்டாள்.

"வரிசையிலை எத்தினையாவதா நிண்டனீ?"

"பதினேழு."

"கோப்பாயிலை எத்தினை பேருக்குக் குடுத்தவங்கள்?"

அதை எம்பி படத்தோடு போட்டிருந்தார். "நூற்றிப்பத்து."

அவள் குசினி மூலையில் இருந்த அந்த அரைக் கானைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தாள்.

"ஐஸ்கார அண்ணையின்ரை எண்ணெய். குடுத்திட்டு வா," என்றாள். நான் குனிந்து தூக்க, "வழியிலை ஆரோடையும் பகிடி விடாதை," என்றாள்.

கானைக் காண்டிலில் கொளுவிக்கொண்டு, சைக்கிளை உருட்டியபடி போனேன்.