எங்கள் ஹோம் நர்சிங்கின் எஸ்தர் சிஸ்டர்

எஸ்தர் சிஸ்டர் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் செய்தாள். "அம்மா போய்ட்டாங்க ஆன்ட்டி" என்றாள், அவ்வளவுதான்.

படப்பையில் எங்கள் ஹோம் நர்சிங் ஏஜென்சியை என்னோடு சேர்ந்து ஆரம்பித்தவர். நான் ஆபீஸ், அவர் நர்சிங். பதினோரு வருடம் ஒரே ரூம், எதிரெதிர் டேபிள்.

அதற்கு முன்னால் இருவரும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி. நான் எச்.ஆர்., அவர் மெடிக்கல் ரூமில் ஸ்டாஃப் நர்ஸ். பார்த்தால் சிரிப்போம், அதோடு சரி.

என் அப்பா பக்கவாதம் வந்து படுத்த பிறகுதான் பழக்கம். யூரின் ட்யூப் மாற்ற ஒவ்வொரு முறையும் ஆம்புலன்ஸ் வைத்து தாம்பரம் போக வேண்டும். குண்டும் குழியுமான ரோட்டில் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டே வருவார்.

ஒரு நாள் கேன்டீனில் இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். சிஸ்டர் அப்பாவின் டாக்டர் நம்பரை வாங்கிப் பேசினார். ஷிஃப்ட் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு என் வண்டி பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டார்.

பத்தே நிமிடம். "முடிஞ்சிச்சாம்மா?" என்று அப்பா நம்பாமல் இரண்டு தடவை கேட்டார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சிஸ்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னா மேடம் இது... தெருவுக்கு ஒருத்தர் இப்படிப் படுத்துக்கினு கீறாங்க. வூட்டாண்ட போய்ப் பாக்க ஆளே இல்ல. நம்மளே ஆரம்பிச்சா இன்னா?"

சும்மா சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மூன்று மாதத்தில் இருவரும் வேலையை விட்டிருந்தோம்! ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு ரூம், இரண்டு நர்ஸ்கள், ஒரு பிரஷர் மெஷின்.

வல்லம் வடகாலில் முத்துப்பாண்டி என்று ஒரு பேஷன்ட். தூத்துக்குடிப் பக்கம் ஊர், இங்கே ஃபேக்டரியில் வேலை. பைக் விபத்தில் முதுகெலும்பு போய், இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

ஊரில் பார்த்துக்கொள்ள யாரும் இல்லாததால் நண்பர்கள் ஐந்து பேர் தங்கள் வாடகை ரூமிலேயே வைத்திருந்தார்கள். நாங்கள் போனபோது முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண்.

டிரெஸ்ஸிங் நாங்கள் செய்துவிடலாம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டுமே... அதற்கு ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

"நாங்க அஞ்சு பேரு இருக்கோம்லா சிஸ்டர். சொல்லிக் குடுங்க, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார் அதில் ஒருவர்.

சிஸ்டர் உடனே எல்லோருடைய ஷிஃப்டையும் கேட்டார். ஒரு சார்ட் பேப்பரில் ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்று கட்டம் போட்டு, யார் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டினார்.

"ஃபேக்டரி லைன்ல ஆள் மாத்தி விட்டுட்டுத்தானே வெளிய வரீங்க? இங்கயும் அதான். அடுத்த ஆளு வராம ஒருத்தரும் கிளம்பக் கூடாது."

ஐந்து பேரும் அப்படியே செய்தார்கள். நான்கு மாதத்தில் புண் ஆறியது. கடைசி டிரெஸ்ஸிங் அன்று முத்துப்பாண்டி சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை... சிஸ்டர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதுவரை வெளியே சொன்னதில்லை.

எங்களுக்குத் தரச் சான்றிதழ் கொடுப்பதற்கான ஆடிட். அதற்காக ஒரு வருடமாக உழைத்திருந்தோம். முந்தின நாள் ஃபைல்களைப் பார்த்துக்கொண்டிருந்த சிஸ்டர், பிள்ளைப்பாக்கம் பெரியவர் ஒருவரின் ஃபைலில் நின்றுவிட்டார்.

அடுத்தடுத்து இரண்டு விசிட். ஒரே பிரஷர், ஒரே பல்ஸ். அந்த வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டால், இரண்டாவது விசிட்டுக்கு ஆளே வரவில்லை. எங்கள் நர்ஸ் செல்வி மழை என்று போகாமல், முந்தின நம்பரையே எழுதி வைத்திருந்தாள்.

"ஒரு ஷீட்தானே சிஸ்டர். எடுத்துடலாம்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன்.

"அன்னிக்கு அவருக்குப் பிரஷர் எவ்ளோன்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்? எனக்கும் தெரியாது. ஷீட்ட எடுத்துட்டா மட்டும் தெரிஞ்சிடுமா?"

அந்த வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்து, 'விசிட் நடக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஆடிட் செய்ய வந்தவரிடம் அவரே அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

சான்றிதழ் நின்றுபோனது.

செல்வியை வேலையை விட்டு அனுப்பச் சொன்னேன். சிஸ்டர் கேட்கவில்லை. அவளைத் தன் வண்டியில் உட்கார வைத்துப் பிள்ளைப்பாக்கம் கூட்டிப் போனார். பெரியவரிடம் அவளே உண்மையைச் சொன்னாளாம்.

நான் ஒரு வாரம் சிஸ்டரோடு பேசவில்லை. எதிர் டேபிளில் இருந்துகொண்டே... அவர் தினமும் என் டேபிளில் டீயை வைத்துவிட்டுப் போவார். நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி ஆடிட் வந்து, சான்றிதழ் கிடைத்தது. அன்று ஆபீஸே கேக் வெட்டியது. சிஸ்டர் மட்டும் ஒரு டிரெஸ்ஸிங்குக்குப் போயிருந்தார்.

அந்த ஒரு வாரத்துக்காக நான் அவரிடம் ஸாரி கேட்டதே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை, நோயில் படுத்திருந்தவரைப் பார்க்கப் போனபோது கேட்டுவிடத்தான் நினைத்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்... எழுப்ப மனம் வரவில்லை.

மாலை நான்கு மணிக்கு மணிமங்கலத்தில் அடக்கம். எங்கள் நர்ஸ்கள் இன்றைய விசிட் எதையும் கேன்சல் செய்யவில்லை. முடித்துவிட்டு யூனிஃபார்மிலேயே நேராக அங்கே வருகிறார்கள்.

ஸாரி சிஸ்டர். போய் வாங்க.